மாப்பிள்ளைக்கு வீடு இருக்கிறதாம்!



யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாய் எனக்கு எழுதியிருக்கிறார். மகளுக்கு ஒல்லாந்திலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்திருக்கிறதாம். "மாப்பிள்ளை டென் ஹெல்டர் என்ற ஊரில் இருக்கிறார். வீடு இருக்கிறது என்று தரகர் சொல்கிறார். விசாரித்துப் பார்த்தால் அது வாடகை வீடாம். சொந்த வீடு இல்லாத இடத்தில் பெண்ணைக் கொடுக்கலாமோ? நீங்களும் அந்த ஊரில்தானே இருக்கிறீர்கள். மறைக்காமல் எழுதுங்கோ" என்று கேட்டிருக்கிறார்.

இந்தத் தாயின் கவலை நியாயமானது. நம் ஊரில் வீடு என்பது பெண்ணோடு வருகிற பொருள். சீதன வீடு சிறியதாக இருந்தாலும், அதன் உறுதி அவள் பெயரில் இருந்தால் தாய் தகப்பனுக்கு ஒரு நிம்மதி. இந்த வழக்கங்களையெல்லாம் தேசவழமை என்று 1707இல் எழுத்தில் கொண்டுவந்ததே அன்று யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர்தான். அதே ஒல்லாந்தரின் நாட்டுக்கு நம் பெண்கள் இன்று மருமகள்மாராகப் போகிறார்கள். அங்கே வீட்டின் கணக்கு வேறு. ஆகவே அந்த ஒரு தாய்க்கு மட்டுமல்லாமல், இப்படியான சம்பந்தம் பேசும் எல்லோருக்குமாக இந்த மாதம் எழுதுகிறேன். புதிதாக வரும் பெண்களோடு மொழிபெயர்ப்புக்காக வீட்டுக் கந்தோர்களுக்கு நான் போய் வருவதுண்டு. ('கந்தோர்' என்ற நம் சொல்லே ஒல்லாந்தரிடமிருந்து வந்ததுதான்.) அங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

இந்த ஊர்

நெதர்லாந்தின் வடக்கு ஒல்லாந்து மாகாணத்தின் நுனியில், மூன்று பக்கமும் கடல் சூழ இருக்கும் ஊர் டென் ஹெல்டர். சனத்தொகை 57,000 அளவில். 1980களில் 60,000ஐத் தாண்டியிருந்து, பிறகு குறைந்தது. அந்நாட்டுக் கடற்படையின் தலைமைத் தளம் இங்கேதான். அம்ஸ்ரடாமுக்கு ரயிலில் ஒன்றேகால் மணித்தியாலம். எதிரே தெரியும் டெக்சல் தீவுக்குக் கப்பலில் இருபது நிமிடம். நல்ல வெயிலும் உண்டு, அதைவிடக் கூடுதலாகக் காற்றும் உண்டு.

இரண்டாம் உலகப் போரில் இந்த ஊர் பட்ட பாடு நமக்கு விளங்கும். 1940 முதல் குண்டு வீச்சு. போதாததற்கு, கரையோரப் பாதுகாப்புக்கென்று பழைய நகரப் பகுதியை ஜேர்மனியர் இடித்துத் தள்ளினார்கள். போருக்குப் பிறகு, வீடற்றவர்களுக்கும் கடற்படைத் தொழிலாளர்களுக்குமாக 1950களிலும் 60களிலும் வரிசை வீடுகளும் நாலு மாடித் தொடர்மாடிகளும் அவசர அவசரமாகக் கட்டப்பட்டன. 'புதிய டென் ஹெல்டர்' என்ற பகுதி அப்படி உண்டானது. அந்தத் தொடர்மாடிகளில் பல பின்னாளில் இடிக்கப்பட்டு, சிறு தோட்டங்களுடன் புது வீடுகளாக மாறியிருக்கின்றன.

நம்மவர்கள் இவ்வளவு தூரம் எப்படி வந்தார்கள்? 1980களின் நடுவில் தமிழ் அகதிகள் நெதர்லாந்துக்கு வரத் தொடங்கியபோது, 1985இல் அரசு அவர்களுக்கென்று தனி ஏற்பாடு ஒன்று செய்தது. 'கட்டில், குளியல், பாண்' என்பதே அதன் பெயர். படுக்க இடம், குளிக்க வசதி, சாப்பாடு, கொஞ்சம் கைச்செலவு. வேறு உதவிப்பணம் இல்லை, தனி வீடு இல்லை. 1987இல் அந்த முறை மாறி, அகதிகள் நாடெங்கும் உள்ள நகரசபைகளுக்குப் பகிர்ந்து அனுப்பப்பட்டார்கள். பெரிய நகரங்களில் மட்டுமல்லாமல் சிறிய, நடுத்தர ஊர்களிலும் நம்மவர்கள் இருப்பதற்கு அது ஒரு முக்கிய காரணம். இன்று டென் ஹெல்டரில் வரதராஜ செல்வ விநாயகர் ஆலயம் இருக்கிறது. தேர்த் திருவிழாவுக்கு வெளியூர்களிலிருந்தும் சனம் வரும். பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் அமைந்த நூலகம் 2018இல் உலகின் சிறந்த பொது நூலகமென்று விருது பெற்றது. மொழி பழக விரும்பும் பெண்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

வாடகை வீடு என்றால் குறைவா?

நம் நாட்டில் வாடகை வீடு என்றால், வீட்டுக்காரர் மூன்று மாதத்தில் எழும்பச் சொல்லலாம் என்ற பயம். அங்கே அப்படியல்ல. 1901இல் வந்த வீடமைப்புச் சட்டம், இலாபம் பாராமல் வீடு கட்டி வாடகைக்கு விடும் சங்கங்களுக்கு வழி செய்தது. இன்று அப்படியான வீடமைப்புச் சங்கங்களின் கையில் ஏறத்தாழ 23 இலட்சம் வீடுகள் இருக்கின்றன. நாட்டின் மொத்த வீடுகளில் நாலில் ஒன்றுக்கும் மேல். தாதிமாரும், பஸ் சாரதிகளும், ஓய்வூதியக்காரரும் இந்த வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள். முறையாக வாடகை கட்டி வருபவரைச் சும்மா வெளியேற்ற முடியாது. நீதிமன்றம் சொல்ல வேண்டும்.

வாடகையும் மனம்போன போக்கில் வைப்பதல்ல. வீட்டின் பரப்பளவு, குசினி, குளியலறை, வெளி முற்றம், வெப்பம் வெளியேறாமல் காக்கும் தன்மை, வீட்டின் பெறுமதி ஆகிய ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. மொத்தப் புள்ளிக்கேற்ப உச்ச வாடகை. 2025இல் சமூக வாடகை வீடு ஒன்றைப் புதிதாக எடுக்கும்போது மாத அடிப்படை வாடகை சுமார் 900 யூரோவுக்குள் இருக்க வேண்டியிருந்தது. பலர் கட்டுவது அதைவிடக் குறைவு. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு வாடகைக் கொடுப்பனவும் தரும். 'ஹியூர்தூஸ்லாக்' என்று அங்கே சொல்வார்கள். ஒவ்வோர் ஆண்டும் யூலை மாதத்தில் வாடகை கூடுவது வழக்கம். எவ்வளவு கூட்டலாம் என்பதற்கும் அரசு வரம்பு உண்டு.

பின் என்ன குறை? வீடு கிடைப்பதுதான். நாடு முழுவதும் சுமார் 4 இலட்சம் வீடுகள் தட்டுப்பாடு. 2013 முதல் 2022 முடிய வீடமைப்புச் சங்கங்கள் மீது அரசு விதித்திருந்த விசேட வரி, கட்ட வேண்டிய காசைத் தின்றது. 2019இல் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, நைதரசன் மாசு காரணமாகக் கட்டட வேலைகள் பல இழுபட்டன. அம்ஸ்ரடாமில் சமூக வீட்டுக்குப் பத்து வருடங்களுக்கு மேல் காத்திருக்கிறார்கள். டென் ஹெல்டர் போன்ற ஊர்களில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் இன்று பதிந்து நாளை சாவி வாங்கும் காலம் போய்விட்டது. இங்கே வளர்ந்த நம் பிள்ளைகளே இருபத்தைந்து, முப்பது வயதிலும் பெற்றோரின் வீட்டு மேல்மாடி அறையில் இருக்கிறார்கள். அதனால் ஓர் இளைஞனின் பெயரில் சமூக வாடகை வீடு ஒன்று இருந்தால் அது குறைவான காரியமல்ல.

வெறும் சுவர்கள்

வீட்டுக்குள் வரும் பெண்ணுக்கு முதல் அதிர்ச்சி, வீடு வெறுமையாக இருப்பது. சமூக வாடகை வீட்டைப் பெரும்பாலும் வெறும் சுவரும் சீமெந்துத் தரையுமாகத்தான் ஒப்படைப்பார்கள். தரை விரிப்பு, திரைச்சீலை, விளக்கு, அடுப்பு எல்லாம் குடிவருபவர் போட வேண்டும். வெளியேறும்போது அவற்றைக் கழற்றிக்கொண்டு போகவும் சொல்வார்கள். ஒரு குடும்பம் வீட்டுக்குத் தரை போடவும் பூச்சுப் பூசவுமே இரண்டு மாதச் சம்பளத்தைச் செலவழித்ததை நான் கண்டேன்.

வரிசை வீடுகளில் படி ஏணிபோல் செங்குத்தாக இருக்கும். கைக்குழந்தையோடு ஏறி இறங்கக் கவனம் வேண்டும். பெரிய யன்னல், சின்னக் குசினி, பின்னால் சைக்கிள் வைக்க ஒரு கொட்டில். அயலவர் யன்னல் சீலையைத் திறந்தே வைத்திருப்பார்கள். எட்டிப் பார்ப்பதுதான் மரியாதைக் குறைவு.

போருக்குப் பின் கட்டிய பழைய வீடுகளின் பெரிய உபாதை ஈரமும் பூஞ்சணமும். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை அடைத்து, உள்ளே உடுப்புக் காயப்போட்டு, நம் சமையல் ஆவியும் சேர்ந்தால் சுவர் மூலை கறுத்துவிடும். சமைக்கும்போது காற்று உறிஞ்சியைப் போட வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் யன்னலைத் திறக்க வேண்டும்.

அப்படிச் செய்தும் பூஞ்சணம் போகாவிட்டால் அது குடியிருப்பவளின் குற்றமல்ல. வேறொரு நகரத்தில், பிள்ளைக்கு ஓயாத இருமலோடு ஒரு தாய் இருந்தார். வீட்டுச் சொந்தக்காரத் தரப்பு, "நீங்கள் அதிகம் சமைக்கிறீர்கள்" என்று சொல்லிச் சொல்லி இரண்டு குளிர்காலத்தைக் கடத்தியது. கடைசியில் குறையை எழுத்தில் கொடுத்து, படங்களோடு வாடகை ஆணைக்குழுவிடம் போனார். 1917இலிருந்து இயங்கும் அமைப்பு அது. இன்று குடியிருப்பாளர் கட்டும் கட்டணம் 25 யூரோ, நியாயம் அவர் பக்கம் என்றால் அதுவும் திரும்பக் கிடைக்கும். பாரிய குறை என்று கண்டால், திருத்தி முடிக்கும்வரை வாடகையை 40, 30 அல்லது 20 வீதமாகக் குறைத்துத் தீர்ப்பளிக்க அதற்கு அதிகாரம் உண்டு. அந்தத் தாயின் வாடகை குறைக்கப்பட்டது. மூன்று மாதத்தில் சுவரும் திருத்தப்பட்டது. தொலைபேசியில் பத்துத் தரம் அழுவதைவிட ஒரு கடிதம் பெரிது.

சொந்த வீடா, வாடகை வீடா?

இனி அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு வருகிறேன். என் பதில் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

மாப்பிள்ளை வாடகை வீட்டில் இருக்கிறார், மகள் சட்டப்படி மனைவியாகி அந்த வீட்டில் நிரந்தரமாகக் குடியேறுகிறாள் என்று வைப்போம். அந்த நாட்டுச் சட்டப்படி அவள் அந்த வீட்டின் இணை வாடகையாளர். ஒப்பந்தத்தில் அவள் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கல்யாணத்துக்கு முன்பே அவர் வீட்டை எடுத்திருந்தாலும் பரவாயில்லை. கணவர் தன்பாட்டில் வீட்டை விட்டுக்கொடுத்தாலும், இறந்தாலும், வாடகை உரிமை அவளுக்குத் தொடரும். விவாகரத்து என்று வந்தால், வீட்டில் தொடர்ந்து இருப்பது யார் என்பதை நீதிபதி தீர்மானிக்கலாம். பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள் என்பதும் அப்போது பார்க்கப்படும். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வாடகைப் பாக்கிக்கு அவளும் பொறுப்பு.

சொந்த வீடு என்றால்? 2024இல் அந்நாட்டில் விற்கப்பட்ட வீடுகளின் சராசரி விலை 4 இலட்சத்து 50 ஆயிரம் யூரோ அளவில் இருந்தது. டென் ஹெல்டரில் இதைவிடக் குறைவு. பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வாங்குவார்கள். முன்பெல்லாம் கல்யாணம் முடித்தால் இருவரின் சொத்தும் கடனும் ஒன்றாகிவிடும். 2018 ஜனவரி 1 முதல் நடக்கும் கல்யாணங்களுக்கு அது மாறிவிட்டது. மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன் தனியாக வாங்கிய வீடு, பொதுவாக அவருடையதாகவே இருக்கும். குடும்பம் குடியிருக்கும்வரை மனைவியின் சம்மதமின்றி அதை விற்க முடியாது என்ற பாதுகாப்பு உண்டு. பிரிவு வந்தால் சில மாதங்கள் இருக்கவும் நீதிமன்றம் இடம் கொடுக்கலாம். அதற்குப் பிறகு அவள் வேறிடம் தேட வேண்டிவரலாம். சீதனக் காசு அந்த வீட்டுக் கடனுக்குப் போயிருந்தால், அதற்கு எழுத்து இல்லாவிட்டால், நிலைமையை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஆக, 'சொந்த வீடு' என்ற சொல்லில் மயங்கவும் வேண்டாம், 'வாடகை வீடு' என்ற சொல்லில் முகம் சுளிக்கவும் வேண்டாம். போகிற பெண்ணுக்கு அந்த வீட்டில் என்ன உரிமை என்பதுதான் கேள்வி. சொந்த வீட்டுக்குக் காசு கொடுப்பதானால் அங்குள்ள பிரசித்த நொத்தாரிசின் முன் எழுத்தில் வையுங்கள். மாப்பிள்ளை வீட்டார் நீட்டும் திருமண ஒப்பந்தத்தில், விளங்காமல் மகள் கையெழுத்து வைக்கக்கூடாது.

யார் வெளியேற வேண்டும்?

எல்லா வீட்டிலும் சண்டை வருவதில்லை. ஆனால் வந்தால், நம் பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதையே வழியென்று நினைக்கிறார்கள். 2009 ஜனவரி முதல் அங்கே ஒரு சட்டம் உண்டு. வீட்டில் வன்முறை ஆபத்து என்று கண்டால், வன்முறை செய்பவரைப் பத்து நாட்களுக்கு வீட்டுக்குள் வரக்கூடாதென்று நகரபிதா கட்டளையிடலாம். தேவையானால் நாலு கிழமை வரை நீட்டலாம். வாடகை அவர் பெயரில் இருந்தாலும், உறுதி அவர் பெயரில் இருந்தாலும், வெளியே போக வேண்டியவர் அவர்தான். அவளும் பிள்ளைகளும் தங்கள் கட்டிலிலேயே படுக்கலாம். அந்த நாட்களுக்குள் உதவி ஊழியர்கள் வந்து பேசுவார்கள். ஆபத்து நேரத்தில் 112. ஆலோசனைக்கு 0800-2000, இலவசம், இரவு பகல் எந்நேரமும்.

கணவன்வழி விசாவில் வந்த பெண்களை, "வெளியே சொன்னால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று பயமுறுத்துவதுண்டு. பொதுவாக ஐந்து வருடத்துக்குப் பிறகே தனி வதிவிட அனுமதி கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் வீட்டு வன்முறைக்கு ஆளானவர் அதற்கு முன்பே தனியாக விண்ணப்பிக்கச் சட்டம் இடமளிக்கிறது. பொலிஸ் முறைப்பாடும் வைத்தியர் கடிதமும் அப்போது உதவும். சட்ட ஆலோசனைக்கு 'யூரிடிஷ் லொக்கெட்' என்ற இலவச நிலையங்கள் உண்டு.

சம்பந்தம் பேசும்போது கேளுங்கள்

வீட்டு ஒப்பந்தம் யாருடைய பெயரில்? மாப்பிள்ளை பெயரிலா, தமையன் பெயரிலா, அல்லது அவர் யாரோ ஒருவரின் வீட்டு அறையில் இருக்கிறாரா? அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு இருப்பவரின் நிலை உறுதியற்றது. சங்க வீட்டை அப்படி மறைத்து வாடகைக்கு விட்டவரும் வீட்டை இழக்கலாம். ஒப்பந்தத்தின் பிரதியைக் காட்டச் சொல்வதில் வெட்கமில்லை. சாதகம் கேட்கிறோமல்லவா?

அவருக்கு நிரந்தர வருமானம் உண்டா? மனைவியைக் கூப்பிடச் சட்டம் அதைக் கேட்கும். இருவருக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மகள் கொழும்பிலுள்ள தூதரகத்தில் ஆரம்ப டச்சு மொழிப் பரீட்சை எழுத வேண்டும். அதற்குப் படிப்பதைச் சடங்காக நினையாமல், நாளை வீட்டுக் கடிதத்தைத் தானே வாசிப்பதற்கென்று நினைத்துப் படிக்கட்டும்.

மகள் போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டியவை சில. ஐந்து நாட்களுக்குள் நகரசபையில் அந்த முகவரியில் பதிய வேண்டும். அந்தப் பதிவு இல்லாவிட்டால் மேலே சொன்ன உரிமைகளை நிலைநாட்டுவது கடினம். வதிவிட அட்டை கிடைத்ததும், கணவரோடு எவ்வளவு சந்தோஷமாக இருந்தாலும், வீடு தேடுவோர் பட்டியலில் தன் பெயரையும் தனியாகப் பதியட்டும். சிறு கட்டணம்தான். காத்திருப்புக் காலம் பதிந்த நாளிலிருந்தே எண்ணப்படும். இருவரும் பின்னர் பெரிய வீட்டுக்கு மாறவும் அது உதவலாம். வேலை கிடைத்தால் வாடகைக் கொடுப்பனவுக் கந்தோருக்கு உடனே அறிவிக்க வேண்டும். வருமானத்தை அறிவியாமல் வாங்கிய காசைப் பின்னர் மொத்தமாகத் திருப்பிக் கேட்பார்கள். பிள்ளை பராமரிப்புக் கொடுப்பனவில், செய்யாத மோசடிக்கே ஆயிரக்கணக்கான பெற்றோரைக் கடனாளியாக்கிய நாடு அது. அந்த விவகாரத்தில் 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. ஆகவே வரும் கடிதங்களையும் அனுப்பும் கடிதங்களின் பிரதிகளையும் ஒரு கோவையில் அடுக்கி வைப்பது நல்லது.

வீட்டின் சாவி இரண்டு இருக்கும். ஒன்று மகளின் கையில் இருக்கட்டும். அதைப்போலவே, வாடகை எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து போகிறது, ஒப்பந்தம் எந்த இலாச்சியில் இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். நல்ல கணவர்மார் இதையெல்லாம் கேட்காமலே சொல்லிக் கொடுப்பார்கள். நான் கண்டவர்களில் அப்படியானவர்களும் நிறையப் பேர்.